கேள்வி யாருக்கு?

பௌர்ணமி கிரிவலத்துல பெண்களும் விடிய விடிய 14 கிலோமீட்டர் நடக்குறாங்க. "ராத்திரில ஏன் போன?"ன்னு யாரும் கேட்கிறதில்ல. ஆனா ஒரு பெண் பாலியல் வன்முறைன்னு புகார் கொடுத்தா, முதல்ல வர்றது அந்தக் கேள்விதான்.

2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரோட எஃப்.ஐ.ஆர். வெளியே கசிஞ்சது. அதோட வாசகங்களே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லுதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் கண்டிச்சது; 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. குற்றவாளிக்கு 2025 ஜூன்ல ஆயுள் தண்டனை கிடைச்சது.

அந்த மாதிரி எஃப்.ஐ.ஆர். உங்க குரூப்புக்கு வந்தா ஃபார்வர்ட் பண்ணாதீங்க. பாதிக்கப்பட்டவரோட அடையாளத்தை வெளியிட்டா, பி.என்.எஸ். 72-ஆவது பிரிவுப்படி 2 வருஷம் வரை சிறை.

விழிப்புணர்வு போஸ்டரையும் கவனிங்க. "தனியா போகாதீங்க"ன்னு பெண்களுக்கு மட்டும் சொன்னா, அதுவும் அதே பழிதான். கனடாவின் எட்மன்டன்ல 2010-ல வந்த போஸ்டர்கள், "அந்த மாதிரி ஆளா இருக்காதே"ன்னு ஆண்களைப் பார்த்துப் பேசின. நம்ம அடுத்த போஸ்டர் யாரைப் பார்த்துப் பேசப்போகுது?