மனை விற்கும் வேலைக்குப் போகும் முன்: எந்தக் கம்பெனியில் சேருவது?



போன மாதம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து எழுந்திருக்கும்போது ஒரு உறுப்பினர் கேட்டார்: "மேடம், பிளாட் போடுற கம்பெனியில ஏஜென்ட்டா சேரச் சொல்றாங்க. ஒரு மனை வித்தா நல்ல கமிஷனாம். சேரலாமா?" பக்கத்தில் இருந்த இன்னும் மூன்று பேருக்கும் அதே கேள்வி இருந்தது.

மனை வாங்க விற்க உதவி செய்து கமிஷன் வாங்குவது தப்பான தொழில் இல்லை. ஆனால் கம்பெனிக்காரர் நம்மைத் தேடி ஏன் வருகிறார் என்று யோசிக்க வேண்டும். குழுவிலும் தெருவிலும் நாம் சொன்னால் நாலு பேர் நம்புவார்கள். அந்த நம்பிக்கைதான் அவருக்கு வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நான் பார்த்துவந்த ஒரு ஊரில் ஒரு அக்கா, மாதத் தவணையில் மனை தரும் திட்டத்தில் ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டார். இரண்டு வருடம் எல்லோரும் ஒழுங்காகக் கட்டினார்கள். ஒருநாள் கம்பெனி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. முதலாளி முகத்தை அந்த ஒன்பது பேரும் பார்த்ததே இல்லை. அதனால் எல்லோரும் வந்து நின்றது அக்கா வீட்டு வாசலில். தோட்டை விற்று, ஆட்டை விற்று முடிந்தவரை கொடுத்தார். அதன்பிறகு அவர் குழுவுக்கு வரவே இல்லை.

இப்படி ஆகாமல் இருக்க, சேருவதற்கு முன் ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. ரெரா பதிவு இருக்கிறதா?

மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்த 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தைத்தான் ரெரா என்கிறோம். 500 சதுர மீட்டருக்கு (சுமார் 12 சென்ட்) மேல் உள்ள இடத்தை எட்டு மனைக்கு மேல் பிரித்து விற்றால், ரெராவில் பதிவு செய்த பிறகுதான் விளம்பரமே செய்யலாம். "அப்ரூவல் வரப்போகுது, இப்பவே புக் பண்ணுங்க" என்று முன்பணம் வாங்குவதும் தப்பு. ஏஜென்ட்டும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். "நான் ஆளை அறிமுகம்தானே செய்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. கமிஷனுக்காக அறிமுகம் செய்பவரும் ஏஜென்ட்தான். விதியை மீறும் ஏஜென்ட்டுக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை, மனை விலையில் 5 சதவீதத்தை எட்டும்வரை அபராதம் உண்டு. பதிவு எண்ணை வாங்கி, படித்த பிள்ளைகளை விட்டு தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

2. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா?

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்பார்கள். அது மட்டும் போதாது. டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. அங்கீகாரம். 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதிய உயர்நீதிமன்றம் தடை போட்டபோது, வாங்கி வைத்திருந்த எத்தனையோ பேர் விற்க முடியாமல் தவித்தார்கள். வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திர நகல் மூன்றையும் கேளுங்கள். இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்துக் காட்டுக்காரரிடம் விசாரியுங்கள்.

3. சேருவதற்குப் பணம் கேட்கிறார்களா?

"5,000 கட்டிச் சேருங்க, உங்களுக்குக் கீழே நாலு பேரைச் சேர்த்தா பணம் வரும்" என்றால் அது மனை வியாபாரமே இல்லை, ஆள் சேர்க்கும் வியாபாரம். ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் புரட்டும் திட்டங்களை 1978-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். நடத்துவது மட்டுமல்ல, அதில் சேருவதும் குற்றம்.

4. கமிஷன் எழுத்தில் உண்டா?

எத்தனை சதவீதம்? முன்பணம் வந்ததும் தருவார்களா, கிரையம் முடிந்த பிறகா? வாங்குபவர் பின்வாங்கினால் கமிஷனைத் திருப்பித் தரவேண்டுமா? மனை காட்டப் போகும் வண்டிச் செலவு யாருடையது? இத்தனையும் ஒரு தாளில் எழுதி, முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். "பார்த்துக்கலாம்மா" என்று வாய்வார்த்தை சொல்லும் இடத்தில் சேராதீர்கள்.

5. வாங்குபவர் பணம் யார் கைக்குப் போகிறது?

உங்கள் கையில் ஒரு ரூபாய்கூட ரொக்கமாக வாங்காதீர்கள். கம்பெனி பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் அவர்களே நேராகக் கட்டி ரசீது வாங்கட்டும். ரெரா பதிவு பெற்ற மனைக்கு, பதிவு செய்த கிரைய ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 4 லட்ச ரூபாய் மனை என்றால் 40,000 வரைதான். அதற்கு மேல் கேட்டால், "முதல்ல ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணுங்க" என்று சொல்லுங்கள்.

கேட்கக் கூச்சமாக இருந்தால் இன்னும் இரண்டு உறுப்பினர்களோடு போங்கள். நல்ல கம்பெனி என்றால் காகிதத்தை எடுத்து நீட்டும். கோபப்பட்டால், "இன்னைக்கே சேரணும்" என்று அவசரப்படுத்தினால், எழுந்து வந்துவிடுங்கள். பஸ் காசு மட்டும்தான் நஷ்டம்.

சேருவதற்கு முன் கொடுத்த தாள்களைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லோரும் கேட்க ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். கடைசியாக உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்த மனையை என் மகளுக்கு நான் வாங்குவேனா?" மாட்டேன் என்றால், அதை அடுத்த வீட்டு அக்காவிடமும் விற்க வேண்டாம்.

- கள ஒருங்கிணைப்பாளர்