பணிபவர் சூட்டும் முடி



கல்லூரியில் பயின்ற நாளில் ஒரு நாடகத்தில் எனக்கு அரசன் வேடம் கிடைத்தது. தொண்டை வறளக் கர்ச்சித்தேன், அவையோரோ சிரித்தார்கள். திரை விழுந்தபின் எங்கள் ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அமைச்சர் வேடம் புனைந்தவர்களை நோக்கி, "நீங்கள் நெஞ்சை நிமிர்த்தி நின்றால் இவன் எப்படி அரசனாவான்?" என்று கேட்டார். அதன் முழுப் பொருள், பல ஆண்டுகள் கழித்துத் தாய்லாந்துத் தொலைக்காட்சி நாடகங்களைக் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது.

அந்நாட்டில் 1955-ஆம் ஆண்டு தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. அதில் வரும் தொடர் நாடகங்களை 'லக்கோன்' என்பர். மொழி அறியாதவரும் அவற்றில் ஏவுபவர் யார், ஏவப்படுபவர் யார் என்று கண்டுகொள்ளலாம். எவ்வாறு? உயரத்தைக் கொண்டுதான்.

உடலிலே தலையே உயர்ந்தது என்பது தாய்லாந்து மக்களின் கொள்கை. ஆகவே, பெரியவர் அமர்ந்திருக்கும் இடத்தைக் கடக்கும் நடிகர் முதுகை வளைத்தே கடக்கிறார். எசமானி நாற்காலியில் இருக்க, பணிப்பெண் தரையில் அமர்கிறாள். கைகூப்புவதிலும் படிகள் உண்டு. ஒத்தவர்க்குக் கை மார்பளவில் குவியும். பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கட்டைவிரல் மூக்கைத் தொடும். பிக்குகளுக்கோ அது புருவ நடுவுக்கு ஏறும். இதில் ஒரு விரற்கடை குறைந்தாலும் மனக்கசப்பு வெளியாகிவிடும்.

பேச்சும் அவ்வாறே. நாம் 'நீ', 'நீங்கள்' என்று முன்னிலையில் வேற்றுமை காட்டுகிறோம். அவர்கள் மொழியில் தன்னைக் குறிக்கும் சொல்லும் எதிரில் இருப்பவருக்கேற்ப மாறும். இளம்பெண் பெரியோர் முன் தன்னை 'நூ' என்பாள். அதன் நேர்ப்பொருள் எலி. அச்சொல்லை ஒருநாள் அவள் விட்டுவிட்டால் போதும். கூச்சலின்றியே கலகம் பிறந்துவிட்டது என்று அறியலாம்.

2018-இல் ஒளிபரப்பான 'புப்பேசன்னிவாத்' என்னும் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். இக்காலப் பெண்ணொருத்தியின் உயிர், 17-ஆம் நூற்றாண்டில் நாராய் மன்னர் ஆண்ட அயுத்தயாவில் வாழ்ந்த கொடிய சீமாட்டி ஒருத்தியின் உடலில் புகுகிறது. உடல் அதுவே, உள்ளம் வேறு. அவள் அன்பாகப் பேசும்போதும் அடிமைப் பெண்கள் நடுங்குகிறார்கள். பழைய சீமாட்டியின் கொடுமையை நமக்கு உணர்த்துவது அந்த நடுக்கமே. பின்னர் அச்சம் நீங்குகிறது. அப்போதும் தரையில்தான் அமர்கிறார்கள், கைகூப்புகிறார்கள். ஆனால் தோள்கள் இறுக்கம் தளர்கின்றன. கண்கள் துணிந்து ஏறிட்டுப் பார்க்கின்றன. பணிவின் உயரம் மாறவில்லை. அதன் ஊற்று மாறிவிட்டது!

மன்னர் முன் தரையில் வீழ்ந்து கிடக்கும் வழக்கத்தைச் சூலாலங்கோர்ன் மன்னர் 1873-இல் ஆணையிட்டு நீக்கினார். அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1905-இல் பிறந்தது. எனினும், உடல் பழகிய பாடத்தை ஓர் ஆணையால் அழித்துவிட முடியுமா? அதனாற்றான் இக்காலக் கதைகளிலும் பணிப்பெண் தரையிலேயே இருக்கக் காண்கிறோம்.

அதிகாரம் ஆள்பவனுடைய குரலில் இல்லை. பணிபவனுடைய முதுகில் இருக்கிறது. நண்பர்களே, இனி ஒருவர் முன் நீங்கள் குனியும்போது, உங்களைக் குனியச் செய்வது அன்பா, அச்சமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நல்ல நடிகன் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் அதுவே.