அலுமினியப் பாய்மரத்திற்குப் புது வாழ்வு

வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. எனவே சென்ற கோடை விடுமுறையில், தூத்துக்குடியில் மாமா வாங்கியிருந்த சிறு பாய்ப்படகின் பழைய அலுமினியப் பாய்மரத்தைக் கண்டதும், புளியோடு கிளம்பிவிட்டேன். “ஏ பிள்ள, இது என்ன குத்துவிளக்கா? அதுக்க தோலை உரிச்சிராத!” என்று மாமா தடுத்தார்.

அலுமினியத்திற்குத் தோல் உண்டா? ஆம், தோழியரே! காற்றுப் பட்டவுடன் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகிறது. இரும்பின் துரு உதிர்ந்துபோகும். இப்படலமோ ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கும். புளியின் அமிலமும், சலவைச் சோடாவின் காரமும், கடல் உப்பும் அதைக் கெடுக்கும். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவு முழுதும் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

தூத்துக்குடித் தோணிகளில் மரத்தூணே பாய்மரமாக நின்றது. அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே சிறு படகுகளுக்கு அது ஏற்றது. பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021-இல் டோக்கியோவில் ஓட்டியதும் லேசர் ரேடியல் என்னும் சிறு படகே.

முதலில், குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரால் உப்புப் போகக் கழுவினோம். எஃகுத் திருகுகளைக் கழற்றியபோது அவற்றைச் சுற்றி வெண்பொடி பூத்திருந்தது. இரு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் புகுந்தால் மின்கலம்போல் ஆகிவிடும், அரிபடுவது அலுமினியமே. நல்ல வேளையாக ஆழமான குழியோ விரிசலோ இல்லை. இருந்தால் பெயிண்ட் அதை மறைக்குமே தவிர, வலு தராது.

பிறகு உப்புத்தாளால் தேய்த்தோம். இரும்புக் கம்பித் தூரிகை கூடாது. அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு அரிப்பை வளர்க்கும். தேய்த்து, தூசி துடைத்து, தாமதமின்றி அலுமினியத்திற்கான பிரைமர் பூசினோம். அது காய்ந்தபின் பெயிண்ட். திருகுகளுக்கடியில் நைலான் வாஷர்கள் வைத்தோம்.

இறுதி வேலைதான் மிக முக்கியம். படகு கவிழ்ந்தால், காற்றடைத்த பாய்மரம் மூங்கில்போல் மிதந்து, படகு முற்றிலும் தலைகீழாகாமல் தடுக்கும். நீர் புகுந்தால் அதுவே பாரமாகிக் கீழே இழுக்கும். ஆகவே இரு முனைகளையும் ஆணித் துளைகளையும் சிலிக்கோன் பசையால் அடைத்தோம். அது நன்றாக இறுகியபின், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல் நீரில் அமுக்கிப் பார்த்தோம். ஒரு துளையிலிருந்து குமிழி வந்தது! துடைத்து, காயவைத்து, மீண்டும் அடைத்தோம்.

இப்போது அந்தப் பாய்மரம் குத்துவிளக்கைப்போல் மின்னவில்லை. ஆனால் அதை நம்பிக் கடலில் இறங்கலாம்.