பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும்

மாணவர்களே! தமிழகத்திற்கு வெளியே பயிலும் உங்களுள் பலர், வீட்டில் கேட்டே தமிழைக் கற்றவர்கள். 'அம்மா தோசை சுட்டாங்க' என்று பேசும் நீங்கள், 'அம்மா தோசை சுட்டார்' என்று பாடநூலில் படிக்கும்போது, நம் வீட்டுத் தமிழ் பிழையானதோ என ஐயுறலாம். அது பிழையன்று. தமிழ் ஓர் இரட்டை வழக்கு மொழி. பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு ஆகிய இரண்டிற்கும் தனித்தனி நெறிகள் உண்டு.

பேச்சில் ஒலிகள் மனம்போனபடி மாறுவதில்லை. பின்வரும் மூன்று மாற்றங்களை நோக்குக.

1. இகரம் எகரமாதலும் உகரம் ஒகரமாதலும்
இலை – எலை. இடம் – எடம். குளம் – கொளம். உடம்பு – ஒடம்பு.
சொல்லின் முதலெழுத்தை அடுத்து ல, ட, ளை போன்று அகரமோ ஐகாரமோ ஏறிய எழுத்து வரும்போது இம்மாற்றம் நிகழும். ஆகவே, 'குளம்' மாறும், 'குளி' மாறாது.

2. தகரம் சகரமாதல்
படித்தான் – படிச்சான். தெரிந்தது – தெரிஞ்சது. ஐந்து – அஞ்சு.
இகரத்தையோ ஐகாரத்தையோ அடுத்து வரும் 'த்த', 'ந்த' ஆகியன முறையே 'ச்ச', 'ஞ்ச' ஆகும். எடுத்தான், நடந்தான் ஆகியவற்றில் இம்மாற்றம் இல்லை.

3. றகரம் தகரமாதல்
நேற்று – நேத்து. காற்று – காத்து.

அவ்வாறாயின், பேசுவதுபோலவே எழுதினால் என்ன? பேச்சில் 'கொடை' என ஒலிப்பது குடை. எழுத்தில் கொடை என்பது ஈகை. மழையில் கொடை பிடித்தான் என எழுதினால் பொருள் மயங்கும். மேலும், பேச்சு ஊருக்கு ஊர் வேறுபடும். மதுரையில் 'வந்துக்கிட்டு' என்பர். சென்னையில் 'வந்துகினு' என்பர். 'வந்துகொண்டு' என எழுதினால் இரண்டு ஊராருக்கும் விளங்கும்.

எனவே, கட்டுரை, விண்ணப்பம், தேர்வு விடை ஆகியவற்றை எழுத்து வழக்கில் எழுதுக. கதைமாந்தர் உரையாடலில் பேச்சு வழக்கு வரலாம். தொலைபேசியில் பாட்டியிடம் 'உணவு உண்டேன்' எனக் கூற வேண்டா; 'சாப்பிட்டேன், பாட்டி' என்பதே இயல்பு. ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றைக் கைவிடுதல் கூடாது.

பயிற்சி

அ) எழுத்து வழக்கில் எழுதுக.
1. நேத்து அஞ்சு எலை பறிச்சேன்.
2. கொளத்துல குளிச்சாங்க.

ஆ) உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சிலிருந்து ஐந்து சொற்களைக் கேட்டு எழுதுக. ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் எழுத்து வழக்கையும், நிகழ்ந்த ஒலி மாற்றத்தையும் குறிப்பிடுக.