அரியலூரில் நடமாடிய ராட்சதப் பிராணி!

7 கோடி ஆண்டு காத்திருந்த எலும்பு எங்கே போயிற்று?

திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் கடலில் குளிப்பார்கள். முருகனைக் கும்பிடுவார்கள். திரும்பும்போது பிள்ளைகளுக்குச் சங்கும் சோழியும் வாங்கி வருவார்கள்.

கடற்கரையில் சிப்பி கிடப்பது அதிசயம் அல்ல. கடலே இல்லாத ஊரில் கிடந்தால்?

அரியலூரில் கிடக்கிறது! அங்கே சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிறார்கள். பாறைக்குள்ளே சிப்பிகள் இருக்கின்றன. ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட கூடுகளும் இருக்கின்றன. இவற்றுக்கு "அம்மோனைட்" என்று பெயர். இந்தப் பிராணி இன்று உலகில் எங்கும் உயிரோடு இல்லை.

காரணம் என்ன? பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடலாக இருந்தது. பிறகு கடல் பின்வாங்கியது. ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து கொட்டின. அந்த ஆற்றங்கரைகளில் டைனோசர்கள் நடமாடின.

எலும்பு கல் ஆவது எப்படி?

ஆற்றோரத்தில் ஒரு பிராணி சாகிறது. சதை அழுகிப் போகிறது. எலும்பை வண்டல் மூடுகிறது. அதன்மேல் இன்னும் பல அடுக்கு மண் படிகிறது.

மண்ணுக்குள் ஊறும் தண்ணீரில் தாது உப்புகள் கரைந்திருக்கும். அவை எலும்பில் உள்ள நுண்ணிய துளைகளில் புகுந்து இறுகுகின்றன. எலும்பு கல்லாகிறது. இதுதான் புதைபடிவம்.

இந்தக் கல் பேசும்! பல் கத்திபோல இருந்தால், அது மாமிசம் தின்ற பிராணி. கால் எலும்பு தூண்போலத் தடித்திருந்தால், அது பெரும் பாரம் சுமந்த உடல். சாணம்கூடக் கல்லாகிப் பேசுகிறது. மராட்டிய மாநிலம் பிஸ்துராவில் கிடைத்த கல் சாணத்தை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். அதில் புல்லின் அடையாளம் இருந்தது! டைனோசர் காலத்திலேயே புல் முளைத்திருந்தது என்று 2005-ல் உலகத்துக்குத் தெரிந்தது.

எத்தனை வகை!

டைனோசர் என்றால் ஒரே பிராணி அல்ல. நீண்ட கழுத்தோடு நான்கு காலில் நடந்து, தழை தின்றவை ஒரு வகை. "பாரபாசாரஸ்" அந்த இனம். அதன் எலும்புகளைத் தெலங்கானாப் பகுதியில் பொச்சம்பள்ளி அருகே தோண்டி எடுத்தார்கள். 1975-ல் கவி தாகூரின் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இரண்டு காலில் நடந்து, மாமிசம் தின்றவை மற்றொரு வகை. குஜராத்தில் கிடைத்த "ராஜாசாரஸ்" அப்படிப்பட்டது. அதன் தலையில் சிறு கொம்பு இருந்தது. அதற்குப் பெயர் வைத்தது 2003-ல்.

முதுகில் தட்டுத் தட்டாக எலும்பு கொண்டவை இன்னொரு வகை. அரியலூர் பகுதியில் கிடைத்த எலும்புகளை இந்த வகை என்று கருதி, 1979-ல் "திராவிடோசாரஸ்" என்று பெயர் வைத்தார்கள். "இல்லை, இது கடலில் நீந்திய வேறு ஊர்வன" என்று 1996-ல் வேறு சிலர் மறுத்தார்கள்.

கல்லமேட்டு ராட்சதன்

எல்லாவற்றையும் விடப் பெரியது அரியலூர் அருகே கல்லமேட்டில் கிடைத்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987-ல் அதற்கு "பிருகத்காயோசாரஸ்" என்று பெயர் வைத்தார்கள். "பெரிய உடல் கொண்ட பல்லி" என்று அர்த்தம்.

முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர்! ஆறரை அடி. அந்த எலும்பை நிமிர்த்தி வைத்தால், நம்மில் யாரும் அதன் உயரத்துக்கு வரமாட்டோம். அர்ஜென்டினா நாட்டின் புகழ்பெற்ற ராட்சத டைனோசருக்கே அந்த எலும்பு சுமார் ஒன்றரை மீட்டர்தான்.

முதலில் இதை மாமிசம் தின்னும் பிராணி என்றார்கள். பிறகு, நீண்ட கழுத்துள்ள தழை தின்னி என்று தெரிந்தது. எடை 100 டன்னுக்கு மேல் இருக்கலாம் என்று 2023-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதாவது, சுமார் 20 யானைகளின் எடை!

அந்த எலும்பு எங்கே?

இன்று இல்லை!

7 கோடி ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்த எலும்பு, வெளியே எடுத்ததும் உதிரத் தொடங்கியது. மேலே கட்டுப் போட்டும் பயன் இல்லை. ஆய்வுத் துறைக்குப் போய்ச் சேருமுன்பே பொடியாகிப் போயிற்று. இந்தச் செய்தி 2017-ல் வெளியாயிற்று.

எஞ்சியவை சில படங்களும் அளவுகளும்தான். "அது எலும்புதானா? கல்லாகிப் போன மரமா?" என்றுகூடச் சிலர் கேட்டுவிட்டார்கள். எடுத்துக் காட்ட எலும்பு இல்லையே!

2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நடந்ததைப் பாருங்கள். ஏரியைத் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. "டைனோசர் முட்டை" என்று செய்தி பரவியது. நிபுணர்கள் பார்த்தார்கள். "முட்டை அல்ல, அம்மோனைட் படிவக் கல்" என்றார்கள். கல் கையில் இருந்தது, தவறு திருந்தியது.

திராவிடோசாரஸ் பற்றியும் வாதம் நடக்கிறது. கல்லமேட்டு ராட்சதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் போகிறவர்கள் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும், சாத்தனூர் கல்மரத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வயலிலோ ஏரியிலோ விசித்திரமான கல் கிடைத்தால் உடைக்காதீர்கள். தோண்டியும் எடுக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கிராம நிர்வாக அதிகாரியிடம் சொல்லுங்கள்.

அது வெறும் கல்லாக இருக்கலாம். இன்னொரு ராட்சதனின் காலாகவும் இருக்கலாம்!