மனநலச் சட்டமும் அயல் மாநிலத் தமிழரும்

பிழைப்பின் பொருட்டு மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் குடியேறியுள்ள நம் மக்கள், காய்ச்சல் கண்டால் எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதை விரைவில் அறிந்துகொள்கின்றனர். ஆனால் வீட்டில் ஒருவருக்கு மனநோய் கண்டால், ஊருக்கு ரயிலேற்றி அனுப்புவதொன்றே வழியெனப் பலர் எண்ணுகின்றனர். தாம் வாழும் மாவட்டத்திலேயே சிகிச்சை பெறும் உரிமையைச் சட்டம் அவர்களுக்கு அளித்துள்ளது. அதனையே ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

1912ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை அடுத்து வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டமும், நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பதையும் விடுவிப்பதையும் பற்றியே பெரிதும் பேசின. மருத்துவ இலாகா, போலீஸ் இலாகா, சமூக நல இலாகா ஆகியன தத்தம் வழியே சென்றன. இவற்றின் இடைவெளியில் நோயாளி கைவிடப்பட்டார். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட கொடுமையை நாடு மறக்கவியலாது.

இக்குறையை நீக்கும் முயற்சிகளும் இல்லாமலில்லை. 1982இல் தேசிய மனநலத் திட்டம் தோன்றியது. கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களைப் பயிற்றுவித்து மனநோய்க்கும் சிகிச்சையளிக்கலாம் என்பது சோதித்தறியப்பட்டது. அதனைப் பின்பற்றி 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. எனினும் திட்டம் வேறு, உரிமை வேறு. திட்டத்தை அரசு நடத்தலாம், நடத்தாமலும் விடலாம். உரிமையையோ குடிமகன் கேட்டுப் பெறலாம்.

அவ்வுரிமையை வழங்கியது, 2017இல் இயற்றப்பெற்று 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம். சுகாதாரம், சட்டம், உள்துறை, கல்வி, வேலைவாய்ப்பு, சமூக நீதி முதலிய துறைகளை ஒருங்கிணைப்பது அரசின் கடமையென அதன் 32ஆம் பிரிவு விதிக்கின்றது. நோயாளி நெடுந்தொலைவு அலைதல் கூடாது என்றும், ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்த அளவு மனநலச் சேவையேனும் இருத்தல் வேண்டும் என்றும் 18ஆம் பிரிவு கூறுகின்றது. வறுமைக்கோட்டிற்குக் கீழ் வாழ்வோர்க்கும் வீடற்றோர்க்கும் அரசு நிலையங்களில் சிகிச்சை இலவசம். அதற்குரிய அட்டை கையில் இல்லையெனினும் இவ்வுரிமை உண்டு. அட்டையை ஊரில் விட்டு வந்த தொழிலாளி இதனைக் குறித்துக்கொள்வாராக.

தெருவில் ஆதரவின்றித் திரியும் நோயாளியைப் போலீசார் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவ நிலையத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். லாக்கப்பில் அடைத்தல் ஆகாது. வீடற்றவராயின், காணாமற்போனவர் என வழக்குப் பதிந்து குடும்பத்தாரைத் தேடுவதும் அவர்கள் கடமை. சங்கிலியால் பிணைப்பதை இச்சட்டம் முற்றாகத் தடுக்கின்றது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதில் குறையுண்டெனில் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். இலவச சட்ட உதவியும் உண்டு. நீதித்துறையினர் தலைமை தாங்கும் இவ்வாரியத்தில், மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதியும் மருத்துவரும், நோயுற்றோர் அல்லது அவரைப் பேணுவோர் தரப்பினரும் ஒருங்கே அமர்கின்றனர்.

நம்மவர்க்கு முக்கியமானவை இன்னும் இரண்டு உண்டு. நோயின் தன்மையையும் சிகிச்சை முறையையும் தமக்கு விளங்கும் மொழியில் அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. மேலும், வயது வந்த எவரும் தம் சார்பில் பேசத்தக்க ஒருவரை வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டோ, கைரேகை வைத்தோ நியமிக்கலாம். உறவினர் தொலைவில் இருப்பின், அருகிலுள்ள நம்பிக்கைக்குரிய நண்பரையே நியமிக்கலாம்.

சட்டம் எழுதப்பட்ட மாத்திரத்தில் மருத்துவர் தோன்றிவிடுவதில்லை. போதிய வல்லுநர்களை ஏற்படுத்த அரசுகளுக்குப் பத்தாண்டுத் தவணையை இச்சட்டமே அளித்துள்ளது. மருத்துவமனைகள் மாநில அரசுகளின் பொறுப்பாதலின் எல்லா இடத்தும் வேகம் ஒன்றாயிராது. ஆயினும் கேட்பார் இருந்தால்தான் கொடுப்பார் விரைவர். 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

மனநோய் வெட்கப்படுதற்குரியதன்று, மறைத்து வைப்பதனாலேயே அது முற்றுகின்றது. ஆகவே, ஆங்காங்கு இயங்கும் தமிழ்ச் சங்கங்கள் தத்தம் மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்நாளில் நடைபெறுகின்றது என்பதை விசாரித்து, அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்குமாயின், அது சிறந்த தொண்டாகும்.