உன் ஊர் எது? லுவாக், முக்கிம், தோட்டம்: நெகிரி செம்பிலானின் ஊர்ப் பிரிவுகள்



‘என் ஊர்’ என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். கெமாஸ் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் பலர் ‘எங்கள் ஊர் கெமாஸ்’ என்றுதான் தொடங்குவார்கள். வீடு இருப்பதோ பட்டணத்திலிருந்து ஏழெட்டுக் கட்டை தள்ளி. ‘ஏன்பா, தோட்டத்துப் பேரை எழுதல?’ என்று கேட்டால், ‘அது தோட்டம்தானே டீச்சர், ஊர் இல்லையே’ என்று பதில் வரும். இதைத் தப்பு என்று சிவப்பு மையால் சுழித்துவிட முடியாது. சட்டப்படி பார்த்தால் அந்தப் பிள்ளை சொல்வது சரி. ஏன் சரி என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மாநிலத்தின் பெயர். ‘நெகிரி’ என்ற மலாய்ச் சொல் வடமொழி ‘நகரி’யிலிருந்து வந்தது. ‘செம்பிலான்’ என்றால் ஒன்பது. ஆனால் பொருளில் இது நகரத்தைவிட நம்முடைய பழைய ‘நாடு’ என்ற சொல்லுக்குத்தான் நெருக்கம். சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘நாடு’ இன்றைக்கு நாம் சொல்லும் தேசம் அல்ல. சில ஊர்கள் சேர்ந்த ஒரு தொகுதி, அவ்வளவுதான். பாரி ஆண்ட பறம்பு நாட்டில் முந்நூறு ஊர்கள் இருந்தன என்று புறநானூற்றில் படித்திருப்பீர்கள். ஒரு மலை, அதைச் சுற்றிச் சில ஊர்கள், அதற்கு ஒரு தலைவன். நெகிரி செம்பிலானும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன நாடுகள் கூடி உருவானதுதான். அந்த நாட்டுக்கு இங்கே வழங்கும் பெயர் ‘லுவாக்’. மினாங்கபாவ் மக்கள் சுமத்ராவிலிருந்து கொண்டுவந்த சொல் இது.

அந்த ஒன்பது எவை என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். நூலுக்கு நூல் பட்டியல் மாறும். பழைய பட்டியல்களில் வரும் நானிங் இன்று மலாக்காவில் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் சிகாமட் ஜொகூரில் இருக்கிறது. மாநிலச் சின்னத்தில் மட்டும் ஒன்பது முனை நட்சத்திரமும் ஒன்பது நெற்கதிரும் அப்படியே நிற்கின்றன. தெரிந்துகொள்ள வேண்டியது இன்றைய அமைப்பு. சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொஹோல், ரெம்பாவ் ஆகிய நான்கு லுவாக்குகளுக்கும் ‘உண்டாங்’ எனப்படும் தலைவர்கள் உண்டு. இந்த நால்வரும் கூடி, அரச குடும்பத்து இளவரசர்களிலிருந்து ஒருவரை யாங் டி பெர்துவான் பெசாராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தாங்களே அந்தப் பதவிக்கு வர முடியாது. 1773-இல் ராஜா மெலேவாரை சுமத்ராவிலிருந்து வரவழைத்து ஆட்சியில் அமர்த்திய காலத்தில் வேர்கொண்ட ஏற்பாடு இது. உண்டாங்குக்குக் கீழே ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு லெம்பாகா, அவருக்குக் கீழே குடும்பங்களுக்கு ஒரு பூவாபாக். ஆக, கடைசிக் கம்பத்தில் இருக்கிறவருக்கும் தன் குரலை மேலே கொண்டுபோக ஒரு படிக்கட்டு இருக்கிறது.

இதேபோல ஒன்பதாகப் பிரிந்த ஒரு குட்டி நாடு ஐரோப்பாவிலும் உண்டு. இத்தாலிக்கு நடுவே, தித்தானோ என்ற மலையைச் சுற்றி இருக்கிறது சான் மரினோ. மொத்தப் பரப்பு 61 சதுர கிலோமீட்டர். நம் கணக்கில் சுமார் 15,000 ஏக்கர். அங்கே ஊர்ப் பிரிவுக்குக் ‘காஸ்தெல்லோ’ என்று பெயர், நேர்ப்பொருள் கோட்டை. புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை மாதிரி கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1463-க்குப் பிறகு அந்த நாட்டின் எல்லை மாறவே இல்லை. ஒன்பதில் மிகச் சிறியது மோந்தெஜார்தினோ. அதன் பரப்பு ஏறத்தாழ 800 ஏக்கர், மக்கள் ஆயிரம் பேர் அளவில். நம்மூரில் ஒரு நடுத்தரத் தோட்டமே அதைவிடப் பெரிசு! ஆனால் அந்த ஆயிரம் பேருக்கும் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஓர் ஊர்க்குழுவும் அதற்கு ஒரு தலைவரும் உண்டு. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் லுவாக்கின்மேல் இன்னொரு அடுக்கு வந்தது: மாவட்டம், அதற்குள் முக்கிம். இன்று மாநிலத்தில் ஏழு மாவட்டங்கள். கெமாஸ் தம்பின் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு முக்கிம்; கெமெஞ்சே, ஆயர் கூனிங் எல்லாம் அதே மாவட்டத்தின் பக்கத்து முக்கிம்கள். இங்கே மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. மாவட்ட அலுவலகம் வேறு, மாவட்ட மன்றம் வேறு. முதலாவது மாநில அரசின் நிர்வாகக் கிளை. நிலம், பட்டா, நில வரி எல்லாம் மாவட்ட, நில அலுவலகத்தின் பொறுப்பு. இரண்டாவது ஊராட்சி, குப்பை, கால்வாய், கடை உரிமம், மதிப்பீட்டு வரி ஆகியவை அதன் வேலை. பெரிய பட்டணமானால் மாவட்ட மன்றத்துக்குப் பதில் நகராண்மைக் கழகம், அதற்கும் மேலே சிரம்பானைப் போல மாநகர் மன்றம். கட்டுரையில் ‘நகராட்சி’, ‘பஞ்சாயத்து’ என்று தமிழ்நாட்டுச் சொற்களைப் போட்டால் தவறில்லைதான், ஆனால் நம் நாட்டு அமைப்பை அவை குறிக்காது. இன்னொன்று: நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது.

சரி, இந்த அடுக்குகளில் தோட்டம் எங்கே வருகிறது?

எங்கேயும் வரவில்லை. தோட்டம் ஒரு கம்பெனியின் தனியார் நிலம். வரைபடத்தில் அது முக்கிமுக்குள் இருக்கும், கம்பெனி நில வரியும் கட்டும். ஆனால் உள்ளே குடியிருந்தவர்களுக்கு அது ஊர் அல்ல, வேலையிடம். வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் லயத்து வீடும் போகும். தண்ணீர், விளக்கு, கால்வாய் எல்லாவற்றுக்கும் துரையைத்தான், பிறகு மானேஜரைத்தான் பார்க்க வேண்டும். கங்காணி, தண்டல், கிராணி என்று அங்கேயும் ஒரு படிக்கட்டு இருந்தது உண்மை. ஆனால் அது மேலிருந்து கீழே உத்தரவு இறங்குவதற்காகக் கட்டிய படிக்கட்டு. 1990-இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம்கூட வீட்டுக்கும் தண்ணீருக்கும் முதலாளியைத்தான் பொறுப்பாக்கியது.

இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1909-இல் நெகிரி செம்பிலானில் மரபு நில உரிமைச் சட்டம் வந்தது. அடாட் பெர்பாத்தே வழக்கப்படி குலத்துப் பெண்களின் பெயரில் இருக்கும் நிலம் வெளியாருக்குக் கைமாறிப் போகாமல் காக்கும் சட்டம். அதற்கு அடுத்த ஆண்டு, 1910-இல், கெமாஸிலிருந்து பாஹாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. கிழக்குக் கரைப் பாதையின் முதல் துண்டு அதுதான். இந்த வட்டாரத்தில் ரப்பர் பரவிய காலமும் அதுவே. கம்பத்து மக்களின் மண்ணுக்குச் சட்டம் வேலி போட்ட அதே காலத்தில், கையகல மண்கூடத் தங்கள் பேரில் இல்லாத நம் ஆட்கள் ரயில் ஏறி வந்து இறங்கினார்கள். முதலாவது தவறு என்று நான் சொல்லவில்லை. அது நல்ல சட்டம். அதுபோல ஒன்று நமக்கு யாரும் எழுதவில்லை என்பதுதான் விஷயம். 1952-ஆம் ஆண்டின் ஊர் மன்றச் சட்டத்தின் கீழ்ப் புதுக்கிராமங்கள் பலவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் கிடைத்தபோதும் தோட்டம் வெளியேதான் நின்றது.

இதன் விலை தோட்டம் கைமாறும்போதுதான் தெரிந்தது. ஐம்பதுகளில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். அந்த அவதியைப் பார்த்துத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் குறைந்தார்கள், குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. ஐரோப்பாவிலேயே இன்னொரு குட்டி மலைநாடு லிச்சென்ஸ்டைன். அங்கே மொத்தம் 11 ஊர்கள். அவற்றில் பிளாங்கன் என்ற ஊரில் 500 பேர்கூட இல்லை. 2003-இல் திருத்திய அரசியல் சட்டப்படி, அந்த ஊர் விரும்பினால் நாட்டைவிட்டே பிரிந்துபோக வாக்கெடுப்பு நடத்தலாம். பிரிந்துபோக உரிமை! மூன்று தலைமுறை வாழ்ந்த தோட்டத்தில் இருந்துகொள்ளும் உரிமைகூட நம் பாட்டன்மாருக்கு இல்லை.

அப்படியானால் தோட்டம் ஊரே இல்லையா? தமிழில் ‘ஊர்’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் மட்டும்தானா? கோயில் இருந்தது, திருவிழா இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. 1923-இன் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அதனால்தான் இத்தனை தோட்டப் பள்ளிகள். தோட்டம் மறைந்து, பள்ளி பட்டணத்துக்கு இடம்பெயர்ந்த பிறகும், பல பள்ளிகளின் பெயர்ப் பலகையில் அந்தப் பழைய தோட்டத்தின் பெயர் நிற்கிறது. வரைபடம் வைத்துக்கொள்ளாத பெயரைப் பள்ளிப் பலகை வைத்துக்கொண்டிருக்கிறது. பள்ளிப் பெயரைச் சுருக்கலாமே, ‘தோட்டம்’ என்பதை எடுத்துவிடலாமே என்று சிலர் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

வகுப்பில் செய்யக்கூடிய ஒரு வேலை. ‘என் ஊர்’ கட்டுரைக்கு முன்பு மாணவர்கள் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு பக்கக் குறிப்பு எடுத்து வரட்டும்: தோட்டத்தின் பதிவுப் பெயர் என்ன, நம் ஆட்கள் வாய்ப்பேச்சில் அதை எப்படி அழைத்தார்கள், எந்த டிவிஷன், எந்த லயம், கோயில் யாருக்கு, எந்த ஆண்டு வெளியே வந்தார்கள், எந்தத் தாமானுக்குப் போனார்கள். தாத்தா பாட்டி இல்லாத பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்கலாம். பதிவுப் பெயரையும் பேச்சுப் பெயரையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ‘லாடாங்’ என்று வருவதைத் தமிழில் ‘தோட்டம்’ என்றே எழுதட்டும். கட்டுரையின் முதல் வரியில் தோட்டத்தின் பெயர் வரட்டும். கெமாஸ் இரண்டாவது வரியில், ‘தம்பின் மாவட்டம், கெமாஸ் முக்கிம்’ என்று அதற்குரிய இடத்தில் வரலாம்.